மைக் போன கேமரா

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு
பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில்
ஜெனிலாவின் காதைத் திறக்கப்போகிறார்கள்.
கத்தி வேலை போன மாதமே முடிந்தது.
தலைக்குள் வைத்த கருவிக்கு
வெளியிலிருந்து உயிர் கொடுப்பார்களாம்,
ஃபேன் சுவிட்சைப் போடுகிற மாதிரி.

அதைப் பிடித்து வைக்கணும் என்றாள் பொன்கனி.
ஞானஸ்நானத்தை ஸ்டூடியோக்காரன் எடுத்தான்,
அதில் பிள்ளையைவிடக் கேக்குதான் அதிகம்.
என் போனில் எடுத்தால்
எந்த முகமும் அவித்த பனங்கிழங்கு.

பணகுடியிலிருந்து பஸ்.
கேட்காது என்று தெரிந்தும்
வழியெல்லாம் பிள்ளையோடு பேசிக்கொண்டே வந்தாள்,
மூன்று வருடமாகப் பேசுவதுபோலவே.
என் சட்டைப்பையில் நாலாயிரத்து இருநூறு,
காற்றாலை ஏணியில் ராத்திரி ஏறி இறங்கிய காசு.

வண்ணார்பேட்டையில் கண்ணாடிக்குள் கேமராக்கள்
மாப்பிள்ளை தோரணையில் உட்கார்ந்திருந்தன.
பதினெட்டாயிரம். இருபத்திரண்டாயிரம்.
ஸ்டிக்கரைப் பார்த்ததும் பொன்கனி
பிள்ளையின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்யத் தொடங்கினாள்.
எழுபது மடங்கு கிட்ட இழுக்கும் சார், என்றான் கடைப்பையன்.
எதை இழுக்க?
மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர்,
இந்தப் பக்கம் அம்மா மடியில் பிள்ளை.
இடையில் இரண்டு முழம்.

பிறகு ஜங்ஷனில், மாடிப்படிக்கு அடியில்,
மசூது அண்ணனின் பழைய சாமான் கடை.
ஒன்றை எடுப்பார், பார்ப்பார், திரும்ப வைப்பார்.
"இது டேப்பு. டேப்புக்கு எங்க போவிய?
இது பேட்டரி நிக்காது, ஆமென் சொல்லதுக்குள்ள படுத்துரும்.
இது வேண்டாம் அண்ணாச்சி, லென்ஸுல பூசணம்."
விற்க உட்கார்ந்த மனிதர்
வேண்டாம் வேண்டாம் என்றே அரைமணி நேரம் போக்கினார்.

கடைசியாக ஒரு வெள்ளி நிறக் கேமரா.
ஜெனிலா இமை கொட்டியதுகூட
அந்தச் சின்னத் திரையில் பளிச்சென்று விழுந்தது.
ரெண்டாயிரத்து எண்ணூறு.
ஏன் இவ்வளவு கம்மி?
"காது போச்சு" என்றார்.
சொன்ன பிறகுதான்
பிள்ளையின் காதுக்குப் பின்னால்
சிரைத்த முடியையும் தையலையும் பார்த்தார்.
"மைக்கு. மைக்குதான் போச்சு" என்றார்,
துடைத்த லென்ஸையே திரும்பத் துடைத்துக்கொண்டு.

மைக் இருப்பது ஐயாயிரத்து ஐந்நூறு.
ஆயிரத்து முந்நூறு இடிக்கிறது.
பொன்கனி கை கம்மலுக்குப் போனது.
சத்தம் அவளுக்கு, முகம் நமக்கு, போதும் என்றேன்.
கேட்க நல்ல வசனம்போலத்தான் இருந்தது.
கம்மல் ஏற்கெனவே ஒருமுறை அடகில் இருந்து வந்தது,
அவ்வளவுதான் விஷயம்.

படம் பன்னிரண்டு நிமிஷம்.
முதல் நிமிஷம் முழுக்க டாக்டரின் பேனா, என் கை நடுங்கியதில்.
பிறகு ஜெனிலா பிஸ்கட் தின்கிறாள்.
மெல்லுவது நிற்கிறது.
புருவம் ஏறுகிறது.
மெல்லத் திரும்பி
அம்மாவின் வாயைப் பார்க்கிறாள்,
அங்கிருந்து என்னவோ வெளியே வந்துவிட்டதுபோல.
பிஸ்கட் கையாலேயே அதைப் பொத்துகிறாள்.
அப்புறம் அழுகை, எல்லோருக்கும்.

இப்போது ஆறாம் வகுப்பு. வாய் ஓய்வதில்லை.
"எப்பா, நான் மொதல்ல கேட்டது என்ன சத்தம்?"
உன் பேரைத்தான் கூப்பிட்டேன் என்கிறாள் பொன்கனி.
டாக்டர் மேசையில தட்டுனாவ என்கிறேன் நான்.
எட்டு வருடத்தில் ஆளுக்கொரு சத்தம்
மனதுக்குள் போட்டு வைத்திருக்கிறோம்.

அவள் டிவிக்கு ஒரு சாண் பக்கத்தில் போய் உட்காருகிறாள்.
வாயைப் பார்த்தே வார்த்தை பிடிப்பாள்,
வகுப்பில் பின்பெஞ்சு ரகசியம் ஒன்றும் தப்பாது.
நிறுத்துகிறாள். பின்னால் ஓட்டுகிறாள். மறுபடி.
"பேரும் இல்ல, தட்டுனதும் இல்ல.
'ஏட்டி, சிந்தாத'ன்னு சொல்லுதா அம்மா.
மடியெல்லாம் பிஸ்கட்டுத் தூளு, பாரு."

பொன்கனி ஒத்துக்கொள்ளவில்லை.
ரிமோட்டைப் பிடுங்கிச் சத்தத்தை ஏற்றுகிறாள்,
நாற்பது, எழுபது, நூறு.
ஆடிக் காற்று ஜன்னலை அறைகிறது.